மறுமுனைக் காவலர்

ஆள் வராவிட்டாலும் குரல் வந்துவிடும். அந்தக் காவல் நிலையத்தின் லட்சணம் அப்படி. காலையில் ஆஜர் எடுக்கிற ரைட்டர் இருக்கிறாரே, மகாராஜன், பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தவே மாட்டார். ஒவ்வொரு நம்பராகக் கூப்பிடுவார். “ஆஜர் ஐயா” என்று ஒரு சத்தம் கேட்டால் டிக் அடித்துவிட்டு அடுத்த நம்பருக்குப் போய்விடுவார். அது யார் தொண்டையிலிருந்து வந்தது என்று ஒரு நாளும் கவலைப்பட்டதில்லை. அதனால் எவனாவது வரத் தாமதமானால், பக்கத்தில் நிற்கிறவன் குரலைக் கொஞ்சம் மாற்றி அவனுக்கும் ஒரு ஆஜர் போட்டுவிடுவான். ‘குரல் கொடுக்கிறது’ என்று அதற்குப் பேர். இன்றைக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் எல்லாரும் இருந்தார்கள்.

நானூற்றுப் பதினேழாம் நம்பர் காவலன் மட்டும் இதில் வாங்குகிறவனே தவிர, கொடுக்கிறவன் இல்லை. ஸ்டேஷனில் அவனுக்குத் தலையணை என்று பேர். பேர் வைத்தவன் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும், அவ்வளவு பொருத்தம். நின்றால் சாய்வான், சாய்ந்தால் தூங்குவான். அவனுக்கு முந்தின நம்பர், நானூற்றுப் பதினாறு, விசில் அண்ணன். டியூட்டி இல்லாத நாளில் கடைக்குப் போனால்கூட கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகிற மனிதர். அடுத்தடுத்த நம்பர் என்பதால் ரெண்டு பேருக்கும் எப்போதும் ஒரே இடத்தில்தான் டியூட்டி விழும். தலையணைக்குக் குரல் கொடுப்பது அண்ணனின் வேலையாகவே ஆகிப்போனது.

சும்மா சொல்லக்கூடாது, அதை அவர் ரசித்துச் செய்தார். தலையணை ஆஜர் சொல்லும்போது நடுவில் ஒரு கொட்டாவி வரும்: “ஆ…ஆஆ…ஜர் ஐயா.” அந்தக் கொட்டாவியையும் சேர்த்து இழுப்பார். வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். ரைட்டர் டிக் அடிப்பார்.

அந்த நாளும் அப்படித்தான் ஆரம்பித்தது. விடிய விடிய மழை. ஆற்றுத் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறிவிட்டது. அந்தப் பாலம் மூழ்கினால் முனைக்கு ஒருவராக ரெண்டு காவலர்கள் நின்று வண்டிகளைத் திருப்பி அனுப்பவேண்டும். இந்த முனையில் நிற்கிறவனுக்கு மழையில் அந்த முனை தெரியாது, அதனால்தான் ரெண்டு பேர். ஆஜரில் பதினாறும் பதினேழும் சத்தம் கொடுத்தாயிற்று. ரைட்டர் ரெண்டு பேரையும் பாலத்துக்கு எழுதிவிட்டார். போனது ஒருத்தர்.

பாலத்திலிருந்து அண்ணன் போன் செய்தார். எடுத்தது தலையணையின் மனைவி.

“அவனைக் கொஞ்சம் எழுப்பி விடும்மா. தண்ணி முட்டிக்கு வந்துடுச்சு. நான் இங்கேயும் அங்கேயுமா ஓடிக்கிட்டிருக்கேன்.”

அவள் போர்வையை இழுத்தாள். அவன் திருப்பி இழுத்துக்கொண்டான். காய்ச்சலா, இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லையா, அதுவும் இல்லை. ஒரு மண்ணாங்கட்டிக் காரணமும் கிடையாது. வெளியே மழை பெய்தது, உள்ளே போர்வை கதகதப்பாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம். “அண்ணன் பார்த்துக்குவாரு, விடு” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான்.

விசில் அண்ணன் இந்த முனையில் ஒரு லாரியைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, மறுமுனையில் வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்த வேன் ஒன்று தண்ணீரில் இறங்கிவிட்டது. கை காட்டி நிறுத்த அங்கே ஆள் இல்லை. நடுப்பாலத்தில் எஞ்சின் நின்றது. அவர் விசிலை ஊதிக்கொண்டே ஓடினார். ஒவ்வொருத்தராக இழுத்துக் கரையில் சேர்த்தார். எல்லாரும் பிழைத்தார்கள். கடைசி ஆளைக் கரையில் தள்ளிவிட்டு ஏறப்போனவருக்குக் கால் வழுக்கிவிட்டது.

தலையணை ஒருவழியாக எழுந்து வந்து சேர்ந்தபோது கரையில் கூட்டம், அவன் எப்போது வந்தான் என்று யாரும் கவனிக்கவில்லை. விஷயம் காதில் விழுந்ததுதான் தாமதம், வண்டியை நடுரோட்டில் போட்டுவிட்டு ஆற்றில் குதித்தான். அது நடிப்பு இல்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். “அண்ணே, அண்ணே” என்று கத்திக்கொண்டே தேடினான். பாறையில் கால் கிழிந்தது. தீயணைப்புக்காரர்கள் தூக்கிக் கரையில் போடும்வரை வெளியே வரவில்லை. ஒரு பத்திரிகைக்காரர் அதைப் படம் பிடித்தார். உடம்பெல்லாம் சேறு, காலில் ரத்தம், வாய்விட்டு அழுகிற காவலர். மறுநாள் அந்தப் படத்தைப் பார்த்து உச்சுக்கொட்டாதவர்கள் இல்லை.

விசாரணைக்கு வந்த இன்ஸ்பெக்டர் அவன் தோளில் கை வைத்துக் கேட்டார்:

“நீ மறுமுனையிலதானே நின்னே?”

அவன் தலை ஆடியது.

“நிறுத்தச் சொல்லியும் நிக்காம வந்துட்டானா வேன்காரன்?”

ஆடின தலை இன்னொரு தரம் ஆடியது. வாயால் நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லையே என்று மனதுக்குள் ஒரு சமாதானம் வேறு. கேடுகெட்ட சமாதானம். வேன் டிரைவர், “அந்தப் பக்கம் யாருமே இல்லைங்க, என் பிள்ளைங்க மேல சத்தியமா இல்லைங்க” என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு மழையில் எதுவும் தெரிந்திருக்கவில்லை. தப்பிக்கப் பார்க்கிறான் என்று அவர் மேல் வழக்குப் போட்டார்கள்.

அண்ணன் காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் தலையணை அவர் வீட்டுக்குப் போனான். போகாமல் இருந்தால் தப்பாக நினைப்பார்கள் என்ற பயம்தான், வேறு என்ன. முன்னறையில் அண்ணனின் சட்டை இன்னும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மகள், பாப்பா, தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தாள். அவள் கழுத்தில் அந்த விசில். அண்ணி எதிரே வந்து உட்கார்ந்தாள். அழுது அழுது கண் உள்ளே போயிருந்தது.

“நீங்க எந்தப் பக்கம் நின்னீங்க தம்பி?”

“அந்தப் பக்கம், அண்ணி.” இப்போது வாயாலேயே சொல்லியாயிற்று.

“கடைசியா அவர் ஏதாவது சொன்னாரா?”

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவன் நினைக்கவில்லை. அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மழையில் கேட்கவில்லை என்றாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு சும்மா இருந்ததா?

“பாப்பாவை நல்லா படிக்க வைக்கச் சொன்னாரு அண்ணி. உங்களை தைரியமா இருக்கச் சொன்னாரு.”

அண்ணி எழுந்து உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு டம்ளர் டீயோடு வந்தாள். “சூடா இருக்கும்போதே குடிங்க தம்பி” என்றாள். அவன் குடித்தான். நாலு வார்த்தை நல்லதாகத்தானே சொன்னோம், பாவம், அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான்.

அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளும் இல்லை. தூக்கத்துக்கே பேர் போனவன் தூக்கத்தைத் தொலைத்தான். ஆஜருக்கு முதல் ஆளாக வந்து நின்றான். “என்னடா தலையணை, இவ்வளவு சீக்கிரம்?” என்று கூடப் பணிபுரிகிறவர்கள் கேட்கக்கூட இல்லை. கூட்டாளியை இழந்தவன், பாவம், மாறிவிட்டான் என்று முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவர்கள் கை பட்ட இடமெல்லாம் அவனுக்குக் கூசியது.

இதற்கிடையில் ஸ்டேஷன் முற்றத்தில் அண்ணனுக்கு நினைவுக்கல் வைக்கிறார்கள் என்று முடிவாயிற்று. அதே மேடையில் தலையணைக்கு வீரப் பதக்கம். விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகை. ரைட்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நாளைக்கு ஆஜர்ல பதினாறையும் கூப்பிடுவேன். பணியில உயிரை விட்டவனுக்குச் செய்யற மரியாதை அது. கூட நின்னவன் நீ, நீதான் அவனுக்கு ஆஜர் சொல்லணும். கொட்டாவி விட்டுத் தொலைக்காதே.”

“சரி ஐயா.”

“அவன் உனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பான். ஒரு தரம் நீ சொல்லு.” ரைட்டர் பதிவேட்டைப் பார்த்தபடியேதான் பேசினார்.

அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அடப்பாவி மனுஷா, எல்லாம் தெரிந்துதான் டிக் அடித்துக்கொண்டிருந்தீரா! அந்த நாளையும் தெரிந்துதான் அடித்தீரா? கேட்க வாய் வரவில்லை. கேட்க இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது.

விழா நாள் காலையில் மனைவி சீருடையைத் தேய்த்துக் கட்டிலில் வைத்திருந்தாள். மடிப்பு கத்தி மாதிரி நின்றது. அவள் மட்டும் வீட்டுப் புடவையோடு அடுப்படியில் நின்றாள்.

“நீ கிளம்பலையா?”

“நான் வரலை.”

“எல்லாரும் கேப்பாங்க.”

“கேட்டா, அவ தூங்குறான்னு சொல்லுங்க.” அவள் திரும்பவில்லை. “அன்னைக்கு அவர் என்கிட்டதான் கேட்டாரு, எழுப்பி விடும்மான்னு. அந்த அண்ணி மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீங்க போங்க. ஆனா அந்தப் பதக்கத்தை இந்த வீட்டுக்குள்ள கொண்டு வராதீங்க. அப்படியே எங்கேயாவது போட்டுட்டு வாங்க.”

அவன் ஷூவை மாட்டிக்கொண்டான். கயிற்றைக் கட்டிக்கொண்டு வெளியே இறங்கினான்.

முற்றத்தில் பந்தல் போட்டு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெரிய அதிகாரிகள் மேடையில், காவலர்கள் வரிசையில். முன் வரிசை நாற்காலியில் அண்ணி, பக்கத்தில் பாப்பா. வேனிலிருந்து பிழைத்தவர்கள் ஓரமாக நின்றார்கள். டிரைவரும் வந்திருந்தார், கடைசியில், தூணுக்குப் பின்னால். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் கல்லை மூடியிருந்த துணியை விலக்கினார். கருங்கல்லில் புதிதாக வெட்டின எழுத்து. ஒலிபெருக்கியில் சத்தமாகப் படித்தார்: “வெள்ளம் சூழ்ந்த தரைப்பாலத்தில், மறுமுனையில் நின்ற சக காவலருடன் இணைந்து கடமையாற்றி, மக்களைக் காத்துத் தன்னுயிர் ஈந்தவர்.”

கூட்டம் கைதட்டியது. தலையணை கல்லையே பார்த்தான். இவ்வளவு நாள் அவன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பொய் சொன்னதாக நினைத்திருந்தான். இப்போதுதான் உறைத்தது, அண்ணனிடமிருந்து திருடியிருக்கிறான். மனிதர் ஒற்றை ஆளாக ரெண்டு முனைக்கும் ஓடினார். அவர் கல்லில் பாதியை இவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அதுவும் அழிக்க முடியாதபடி உளி வைத்து வெட்டியாயிற்று. பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. பூமி எங்கே பிளக்கப்போகிறது.

ஊதுகொம்பு ஒலித்து அடங்கியது. ரைட்டர் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து பதிவேட்டைப் பிரித்தார். தலை குனிந்தது. ஒவ்வொரு நம்பராகப் போனார், ஒவ்வொரு ஆஜராக வந்தது.

“நானூற்றுப் பதினாறு.”

தலையணை ஒரு அடி முன்னால் வந்தான்.

“ஆஜர் ஐயா.”

குரல் கரகரத்தாலும் வந்துவிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ரைட்டர் டிக் அடித்தார்.

“நானூற்றுப் பதினேழு.”

வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. செத்துப்போனவருக்கு ஆஜர் சொல்ல முடிந்தது. உயிரோடு கல்லு மாதிரி நிற்கிற தனக்குச் சொல்ல முடியவில்லை. என்னவென்று சொல்வான்? எங்கே ஆஜர், யாருக்கு ஆஜர்? பக்கத்தில் இருந்தவன் முழங்கையால் லேசாக இடித்தான். ரைட்டர் பேனாவைப் பதிவேட்டின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

அப்போது முன்வரிசை நாற்காலியிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“ஆ…ஆஆ…ஜர் ஐயா.”

கொட்டாவியோடு. அதே இழுப்பு, அதே இடத்தில்.

பாப்பா பழக்க தோஷத்தில் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே பயந்து அம்மாவைப் பார்த்தாள். “ஐயோ பாவம், துக்கத்துல மூளை கலங்கிப்போச்சு போல” என்று நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது. காவலர் வரிசையில் மட்டும் ஒருத்தரும் அசையவில்லை. அது என்ன இழுப்பு, யாருடைய இழுப்பு என்று அவர்கள் எல்லாருக்கும் தெரியும்.

தலையணை வரிசையை விட்டு வெளியே வந்தான். “எங்கேப்பா போறே?” என்று இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டது அவன் காதில் ஏறவில்லை. அண்ணியின் நாற்காலிக்கு முன்னால் போய் நின்றான். நிற்கக்கூட முடியவில்லை, மண்டி போட்டுவிட்டான்.

“அண்ணி…”

“சரியா இழுத்தேனா தம்பி?” அவள் குரல் அவனுக்கு மட்டும் கேட்டது. “வீட்டுக்கு வந்து செஞ்சு காட்டுவாரு. பாப்பா விழுந்து விழுந்து சிரிப்பா.”

“உங்களுக்கு… தெரியுமா அண்ணி?”

“அன்னைக்குப் பாலத்துலேர்ந்து எனக்கும் பேசினாரு. ‘தலையணை இன்னும் எந்திரிக்கலை, இன்னைக்கும் நான்தான் குரல் கொடுத்தேன்’னு சிரிச்சாரு. எனக்குக் கோபம். இப்படியே செல்லம் கொடுங்க, உங்களைத் தனியா விட்டுட்டு அவன் தூங்கட்டும்னு கத்தினேன். அதுக்கு அவர், ‘விடு, சின்னவன். நனைஞ்சுகிட்டு வருவான். டியூட்டி முடிஞ்சு கூட்டிட்டு வரேன், திட்டாதே. சூடா ஒரு டீ போட்டுக் கொடு’ன்னாரு.” அண்ணி மூச்சை இழுத்துக்கொண்டாள். “அதுதான் தம்பி, அவர் கடைசியாச் சொன்னது. பாப்பாவைப் பத்தி ஒண்ணும் சொல்லலை. என்னைப் பத்தியும் சொல்லலை. உங்களைப் பத்திதான் சொன்னாரு.”

அவனுக்கு அந்த டம்ளர் ஞாபகம் வந்தது. சூடா இருக்கும்போதே குடிங்க தம்பி. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்திருந்தான்.

“அன்னைக்கு நீங்க வந்தப்போ, நீங்களே சொல்லிடுவீங்கன்னுதான் கேட்டேன். ஒரு தரம் இல்லை, ரெண்டு தரம் கேட்டேன். நீங்க அவர் சொல்லாததையெல்லாம் சொன்னீங்க. உள்ளே போய் நின்னு அழுதேன். வெளியே போடான்னு சொல்லத்தான் இருந்தேன். ஆனா அவர் திட்டாதேன்னு சொல்லிட்டாரே, நான் என்ன பண்ணட்டும்? டீ போட்டேன்.”

“என்னைச் செருப்பால அடிங்க அண்ணி.”

“அடிச்சா அந்தக் கல்லு மாறிடுமா?” அவள் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினாள். “இந்தத் தரம் அவருக்குப் பதிலா நான் குரல் கொடுத்துட்டேன். இனிமே உங்களுக்குக் குரல் கொடுக்க எங்க வீட்டுல ஆள் இல்லை. எந்திரிங்க. போய் உங்க வாயால சொல்லுங்க.”

அவன் எழுந்தான். ஒலிபெருக்கி வரைக்கும் நடந்தான். மேடையில் தட்டில் வைத்திருந்த பதக்கம் கண்ணில் பட்டது. தூணுக்குப் பின்னால் டிரைவரின் முகமும் பட்டது. முகமெல்லாம் எரிந்தது, காது மடல் வரைக்கும் எரிந்தது. ஓடிப்போய்விடலாம் என்று ஒரு நொடி கால் திரும்பக்கூடச் செய்தது. அப்புறம் ரைட்டர் பக்கம் திரும்பி விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

“நானூற்றுப் பதினேழு அன்னைக்கு வரலை ஐயா. வீட்டுல தூங்கிக்கிட்டிருந்தான். அண்ணன் போன் பண்ணிக் கூப்பிட்டும் வரலை. மறுமுனையில யாரும் இல்லை. டிரைவர் சொன்னது நிஜம். ரெண்டு முனையையும் அண்ணன் ஒத்தை ஆளாப் பார்த்தாரு. கல்லுல அப்படித்தான் இருக்கணும் ஐயா.”

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தவர் அப்படியே நின்றார். ரைட்டர் பேனாவை மூடினார். பிறகு, அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, பதிவேட்டிலிருந்து தலையை நிமிர்த்தி, எதிரே நிற்கிறவன் யார் என்று பார்த்தார்.